அரிச்சுவடியும் பேச்சொலியும்: ஆரம்ப வாசிப்புக் கற்பித்தல் பற்றிய சில விமர்சனக் குறிப்புகள்

எமது இலக்கிய ஆராய்ச்சி பெரும்பாலும் எழுத்தறிவு பெற்று முடித்த வாசகனிலிருந்தே தொடங்குகின்றது. அவ்வாசகன் எவ்வாறு உருவானான், அவனோடு ஒரே வாங்கில் அமர்ந்திருந்த எத்தனை பேர் வாசகராகாமலே வகுப்பறையை விட்டு நீங்கினர் என்னும் வினாக்கள் கல்வியியலாளருக்கும் ஆசிரிய கலாசாலைகளுக்கும் உரியனவாக ஒதுக்கப்பட்டுவிட்டன. அரிச்சுவடியும் முதலாம் வகுப்புப் பாடநூலும் இலக்கிய விமர்சகரின் கண்ணுக்குப் பனுவல்களாகத் தோன்றுவதில்லை. ஆயின், ஒரு சமுதாயத்தில் மிகப் பெருந்தொகையினர் படிக்கும் நூல்கள் அவையே. பலர் இறுதியாகப் படிப்பனவும் அவையே.

இப்பொருளை இப்போது எடுத்துக்கொள்வதற்கு உடனடிக் காரணம் ஒன்றுண்டு. ஆங்கிலக் கல்வியுலகில் ‘போனிக்ஸ்’ என வழங்கும் கற்பித்தல் முறை, எழுத்துக்குரிய ஒலியை முதலிற் பயிற்றி, ஒலிகளைக் கூட்டிச் சொல்லை வாசிக்கச் செய்வதாகும். இதனை ஈண்டு ஒலிமுறை எனக் குறிப்பிடுவோம். எமது நகரங்களின் முன்பள்ளிகளில் ஆங்கிலத்துக்கென வந்து சேர்ந்த இம்முறை, தமிழ் வாசிப்புக்கும் விஞ்ஞானபூர்வமான புதுவழி எனச் சிலராற் பரிந்துரைக்கப்படுகின்றது. ‘தமிழ் ஏலவே ஒலிமுறை எழுத்துத்தானே, எமக்கு இதில் என்ன பிரச்சினை?’ எனப் பெருமிதத்தோடு கூறுவாரும் உளர். இரு சாராரும் பிரச்சினையை அது இல்லாத இடத்திலே தேடுகின்றனர் என்பது எமது கருத்து.

முதலில் ஆங்கிலத்தை நோக்குவோம். இருபத்தாறு எழுத்துகளைக் கொண்டு ஏறத்தாழ நாற்பத்துநான்கு ஒலியன்களைக் குறிக்க வேண்டிய நெருக்கடி அம்மொழிக்குண்டு. அதன் எழுத்துக்கூட்டல் பல நூற்றாண்டுகளின் படிவுகளைத் தாங்கியது. இதனாலேயே, எழுத்தொலியைப் பயிற்றுவதா, முழுச்சொல்லை உருவமாகக் காட்டிப் பயிற்றுவதா என்ற விவாதம் அங்கு ஓயாது நிகழ்ந்து வந்துள்ளது. 1955இல் ருடோல்வ் பிளெஷ் முழுச்சொல் முறையைக் கடுமையாகத் தாக்கி எழுதினார். 1967இல் ஜீன் ஷால் அதுவரை நிகழ்ந்த ஆய்வுகளைத் தொகுத்து நோக்கி, ஒழுங்குமுறையான எழுத்தொலிப் பயிற்சிக்குச் சார்பான முடிவுக்கு வந்தார். 2006இல் வெளியான ரோஸ் அறிக்கையைத் தொடர்ந்து இங்கிலாந்தில் ஒலிமுறை அரச கொள்கையாயிற்று. 2012 முதல் அங்கு முதலாம் ஆண்டுப் பிள்ளைகள் நாற்பது சொற்களை வாசித்துக் காட்டவேண்டும். அவற்றுள் இருபது பொருளற்ற போலிச் சொற்கள். பொருளை ஊகித்து வாசிக்க இடமளியாது ஒலியைக் கூட்டும் ஆற்றலை மாத்திரம் அளப்பதே அப்போலிச் சொற்களின் நோக்கம். 2003இல் பதின்மூன்று ஐரோப்பிய மொழிகளை ஒப்பிட்டு வெளியிடப்பட்ட ஆய்வொன்று இவ்விவாதத்தின் அடிப்படையைத் தெளிவாக்கியது. முதலாம் வகுப்பின் முடிவில் பின்லாந்துப் பிள்ளைகள் சொற்களை ஏறக்குறையப் பிழையின்றி வாசித்தனர். ஆங்கிலத்தில் வாசித்த பிள்ளைகளோ ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினையே சரியாக வாசித்தனர். ஆகவே, ஒலிமுறை பற்றிய வாதப் பிரதிவாதங்கள் வாசிப்பின் பொது இயல்பைப் பற்றியன என்பதிலும் ஆங்கில எழுத்தின் தனிப் பிணியைப் பற்றியன என்பதே கூடிய பொருத்தமுடையது.

தமிழெழுத்தின் இயல்பு வேறு. மெய்யெழுத்துகள் அகரத்தோடு சேர்ந்தே ஒலித்து இயங்கும் என்பதைத் தொல்காப்பியர் அறிந்திருந்தார். எழுத்தின் ஒலி வேறு, அதனைச் சுட்டும் பெயர் வேறு என்பதையும் அறிந்தே கரம், காரம், கான் என்னும் சாரியைகளை வகுத்தார். ஆனா, ஆவன்னா, இனா, ஈயன்னா எனப் பெயர் சொல்லி ஓதுவித்த திண்ணைப் பள்ளிக்கூடம் இந்நுண்மையை மறந்தது. ‘இம்மன்னா’ என்று ஓதிய பிள்ளை ‘மரம்’ என்னும் சொல்லின் இறுதியிலுள்ள ஒலியை அப்பெயரிலிருந்து பிரித்தெடுக்க வேண்டியதாயிற்று. இவ்வளவில் ஒலிமுறையாளரின் கண்டனம் நியாயமானதே. மேலும் இருநூற்று நாற்பத்தேழு எழுத்து என்ற கணக்கு, கற்போனின் சுமையைச் சரிவரக் காட்டுவதுமில்லை. பன்னிரண்டு உயிரையும் பதினெட்டு மெய்யையும் உயிர்க்குறிகளையும் அறிந்தவன் எஞ்சியவற்றைத் தானே ஆக்கிக்கொள்ளலாம் என்பது ஓரளவுக்கே உண்மை. கு, சு, டு, நு, ரு என உகரக்குறி மெய்தோறும் உருமாறுகின்றது. ‘கெ’ என்பதில் மெய்க்குப் பின் ஒலிக்கும் உயிரின் குறி மெய்க்கு முன்னே நிற்கின்றது. ‘கொ’ என்பதிலோ அது இருபுறமும் நிற்கின்றது. கண் காணும் ஒழுங்கும் செவி கேட்கும் ஒழுங்கும் இவ்விடங்களில் முரண்படுகின்றன. தமிழோடு ஒத்த எழுத்தமைப்புக் கொண்ட கன்னடத்தை ஆராய்ந்த சொனாலி நாக், அசையெழுத்துகளைப் பிள்ளைகள் கற்று முடிப்பதற்கு முதலிரு வகுப்புகள் போதா என 2007இல் எடுத்துக்காட்டினார். எனவே எழுத்தொலியை ஒழுங்காகக் கற்பிக்கும் தேவை தமிழில் இல்லையென்பது வெறும் மொழிப்பற்றின் கூற்றாகும்.

இருப்பினும் பிரச்சினையின் மையம் இதுவன்று. ஒலிமுறையின் உள்ளார்ந்த தருக்கத்தைச் சற்று ஆராய்தல் வேண்டும். எழுத்தைக் காணும் பிள்ளை அதன் ஒலியைச் சொல்கிறது, ஒலிகளைக் கூட்டுகிறது, கூட்டியதும், தான் பேசி அறிந்த சொல் ஒன்று அவ்வொலியில் இருப்பதைக் கண்டுகொள்கிறது. வாசிப்பு வாசிப்பாவது இம்மூன்றாவது படியிலேதான். முதலிரு படிகளையும் ஒலிமுறை பயிற்றுகின்றது. மூன்றாவதை அது தந்தை தாயர் வீட்டிலே கற்பித்துவிட்டனர் எனக் கொண்டு அப்பாற் செல்கின்றது. தமிழ்ப் பிள்ளைக்கு இக்கொள்கை எவ்வளவு தூரம் பொருந்தும்?

1959இல் சார்ள்ஸ் பேர்கசன் இரட்டை வழக்குப் பற்றிய தமது கட்டுரையை வெளியிட்ட பின்னர், ஒரே மொழியின் எழுத்து வழக்கும் பேச்சு வழக்கும் தொழிலாற் பிரிந்து நிற்கும் நிலை மொழியியலாளரின் பொதுவறிவாகிவிட்டது. தமிழ் இந்நிலைக்கு வாய்ப்பான உதாரணம் என்பது எவரும் அறிந்தது. அறியாதது அது ஆறு வயதுப் பிள்ளைக்குச் செய்வதைத்தான். ‘வருகின்றான்’ என்பதைப் பிள்ளை எழுத்தெழுத்தாகக் கூட்டி ஒலித்துவிடுகிறது. கூட்டி முடிந்ததும் அதன் செவியில் எந்தச் சொல்லும் விழுவதில்லை. யாழ்ப்பாணத்துப் பிள்ளை அறிந்தது ‘வாறான்’. மலையகப் பிள்ளை அறிந்தது ‘வர்றான்’. இங்கிலாந்தின் கல்வியதிகாரிகள் இருபது போலிச் சொற்களைச் சிரமப்பட்டு ஆக்குகின்றனர். எமது பிள்ளைகளுக்கு அச்சிரமம் வேண்டியதில்லை. பாடநூலின் வினைமுற்றுகளே அத்தொழிலைச் செய்துவிடுகின்றன!

இந்த இடைவெளி எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே அளவினதன்று என்பதே மனங்கொள்ள வேண்டியது. கடைகளில் விற்கப்படும் உயிரெழுத்துப் படங்களை எடுத்துக்கொள்வோம். கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் அட்டனிலும் தொங்குவன ஏறத்தாழ ஒன்றே: அம்மா, ஆடு, இலை, ஈ, உரல், ஊஞ்சல், எலி, ஏணி, ஐந்து, ஒட்டகம், ஓடம், ஔவை. படத்தைப் பார்த்துப் பெயரைச் சொல்ல, பெயரின் முதலொலி எழுத்தின் ஒலியாக அமையும் என்பது இதன் உத்தி. அதாவது, இதுவும் ஒருவகை ஒலிமுறையே.

மலையகப் பிள்ளை இலையைப் பார்த்து ‘எலை’ என்கிறது. உரலை ‘ஒரல்’ என்கிறது. சொல்லின் முதலில் வரும் இகர உகரங்கள் குறித்த சூழல்களில் எகர ஒகரங்களாவது தமிழகத்துப் பேச்சு வழக்குகள் பலவற்றின் ஒழுங்கான ஒலிமாற்றம். தென்னிந்தியாவிலிருந்து தொழிலாளராகக் கொண்டுவரப்பட்டோரின் வழக்கில் அது நிலைபெற்றிருப்பதில் வியப்பில்லை. ஆனால் படத்தின்படி அப்பிள்ளைக்கு இகரமும் எகரமும் ஒரே எழுத்தாகின்றன. இலைக்கும் எலிக்கும் முதலொலி ஒன்றே. இப்பிள்ளை எழுத்தறியாததன்று. தன் செவி கேட்டதை உள்ளவாறே சொல்கிறது. யாழ்ப்பாணத்துப் பேச்சு இவ்விடத்தில் பழைமை பேணுவதால் அங்குள்ள பிள்ளைக்கு இலையும் உரலும் இடர் தருவதில்லை. ஆனால் ஈயின் படத்தைக் கண்டதும் அது ‘இலையான்’ என்றுவிடும். ஐந்து பெரும்பாலோர்க்கு ‘அஞ்சு’. ‘ஐஞ்சு’ என்பாரும் யாழ்ப்பாணத்தில் உளர். ஓடத்தைக் கரையோரப் பிள்ளை தோணி என்றோ வள்ளம் என்றோ அழைக்கும். தோட்டத்துப் பிள்ளை அதனைக் கண்டதே இல்லை. எல்லாவற்றுக்கும் முதலாக, தாயின் படம். தமிழையே வீட்டு மொழியாகக் கொண்ட முஸ்லிம் பிள்ளைக்கு அவள் ‘உம்மா’. அகரத்தின் பக்கத்தில் உகரச் சொல்லொன்றைச் சொன்ன குற்றத்தோடு அப்பிள்ளையின் கல்வி தொடங்குகின்றது.

உகரத்தின் நிலை இன்னும் சுவையானது. அ, இ, உ என்னும் மூன்றையும் சுட்டெழுத்துகளாக நன்னூல் கூறும். அவற்றுள் உகரச் சுட்டு இன்றும் உயிரோடு வழங்குவது யாழ்ப்பாணத்துப் பேச்சிலே: உது, உவன், உங்கை. உகரத்தில் தொடங்கும் சொற்களுள் அப்பிள்ளை நாளொன்றுக்கு நூறு தரம் சொல்லும் சொல் ‘உது’வாகவே இருக்கும். ஆயினும் எழுத்துப் படத்தில் அதற்கு இடமில்லை. வீட்டிலிருந்து மறைந்துகொண்டிருக்கும் உரலுக்கு உண்டு. இலக்கண நூலின் சான்று இருந்தும் ஒரு சொல் ‘கொச்சை’ ஆகக்கூடும் எனின், கொச்சை என்பதைத் தீர்மானிப்பது இலக்கணமன்று என்பது பெறப்படும். யாழ்ப்பாணத்தார் தம் பேச்சே செந்தமிழுக்கு அண்மையது எனப் பெருமை கொள்வர். அவர்தம் நாவில் ழகரம் ளகரமாகிப் ‘பளம்’ என ஒலிப்பதை அப்பெருமை கணக்கிலெடுப்பதில்லை. ‘பளம்’ வகுப்பறையில் இலேசாகத் திருத்தப்படும். ‘எலை’ அப்பிள்ளையின் பிறப்பையும் தொழிலையும் நினைவூட்டி நகைக்கப்படும். தோட்டப் பாடசாலைகளை அரசு 1970களின் பிற்பகுதியிலிருந்து பொறுப்பேற்ற பின்னரும், அங்கு கற்பித்தவருட் பலர் வடக்கிலும் கிழக்கிலுமிருந்து சென்றோர். இரு ஒலிமாற்றங்களுள் எது பிழை, எது வழக்கு என்பது ஆசிரியரின் ஊரைப் பொறுத்ததாயிற்று.

இவ்விடத்தில் பழைய முறையை மீண்டும் நோக்குதல் வேண்டும். அதன்மீது எமக்குள்ள வெறுப்பு அதன் இயக்கத்தை நாம் விளங்கிக்கொள்வதற்குத் தடையாக இருந்துவிட்டது. ஏடு தொடக்கியபின் மணலில் எழுதி, ஆத்திசூடி, கொன்றைவேந்தன், நிகண்டு என மனனஞ் செய்து முன்னேறிய மாணவன் உருப்போடும் இயந்திரமாக்கப்பட்டான் என்பது முற்போக்காளரின் நெடுங்காலக் குற்றச்சாட்டு. அது உண்மையே. ஆனால், ஏட்டைக் கையில் எடுக்குமுன்னே அவன் அந்நூலின் சொற்களைச் செவியால் அறிந்திருந்தான் என்பதும் உண்மை. எழுத்தைக் கூட்டியதும் ஏலவே கேட்ட சொல்லொன்று அவனுக்கு அகப்பட்டது. நாம் மேலே கூறிய மூன்றாவது படியைப் பழைய முறை மனனத்தால் நிரப்பியது. அகர வரிசையில் அமைந்த ஆத்திசூடி எழுத்தையும் சொல்லையும் ஒருங்கே செவியில் பதித்தது. அதன் ஒழுக்கப் போதனையை ஏற்றல் வேறு, அதன் கற்பித்தற் பயனை அறிதல் வேறு.

ஆறுமுக நாவலர் (1822-1879) இவ்வரலாற்றில் ஒரு திருப்பம். 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவிய அவர், பாலபாட வரிசையின் மூலம் ஆரம்ப வாசிப்பைச் செய்யுளிலிருந்து உரைநடைக்கு நகர்த்தினார். 1816இல் வந்த அமெரிக்க மிஷனும் வெஸ்லியன் மிஷனும் நடத்திய பாடசாலைகளின் படிமுறைகளை உள்ளிருந்தே கண்டவர் அவர். எழுத்து, சொல், சிறு வாக்கியம் எனப் படிப்படியாக உயரும் ஒழுங்கும், மனனத்தை நம்பாது கண்ணால் வாசித்துப் பொருள்கொள்ளும் உரைநடையும் தமிழ்க் கல்விக்கு உண்மையிற் புதியன. ஆயின் பாலபாடம் தன் முன்னே அமர்ந்திருப்பதாகக் கற்பனை செய்யும் பிள்ளை யார் என்று நாம் வினவுதல் வேண்டும். கோயிலில் புராணபடனம் கேட்டு, பயன் சொல்வோர் வாயிலாகச் செந்தமிழ்ச் சொற்றொடர்கள் செவியிற் பழகிய சைவ வேளாள இல்லத்துப் பிள்ளை அது. அப்பிள்ளைக்கு மூன்றாவது படி கோயில் மண்டபத்திலேயே கிடைத்துவிட்டது. பாலபாடம் எளிதாயிருந்தமைக்கு நாவலரின் நடை ஒரு காரணம். அந்த மண்டபம் மற்றொரு காரணம்.

அம்மண்டபத்துள் யார் நுழையலாம் என்பதை நாம் அறிவோம். மாவிட்டபுரத்தில் ஆலயப் பிரவேசப் போராட்டம் நிகழ்ந்தது 1968இல். அதற்கு முன்னர், 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் பாடசாலைகளில் சம ஆசனம் வழங்குவதற்கெதிராகக் கட்டடங்கள் தீயிடப்பட்டன. 1945இல் இலவசக் கல்வியும் ஆரம்ப வகுப்புகளில் தாய்மொழிப் போதனையும் வந்தபோது வாசலைத் தாண்டி உட்புகுந்த பிள்ளைகளுட் பெருந்தொகையினர், எழுதப்பட்ட தமிழை எவரும் உரக்க வாசிக்கக் கேட்டறியாதோர். அதே காலப்பகுதியிலும் அதற்குப் பின்னரும் நவீன கல்வியியல் மனனத்தைக் கைவிட்டது. 1999 முதல் நாடளாவி முதலாம் வகுப்பில் நடைமுறைக்கு வந்த சீர்திருத்தம் விளையாட்டையும் செயற்பாட்டையும் முதன்மைப்படுத்தியது. இவை வரவேற்கத்தக்கனவே. எனினும், மனனத்தோடு சேர்ந்து செவிவழிப் பயிற்சியும் வெளியேறியது என்பதையும், அதனிடத்தில் வேறொன்று வைக்கப்படவில்லை என்பதையும் எவரும் கவனித்ததாகத் தெரியவில்லை. வீட்டில் புத்தகம் உள்ளவர் பிள்ளைக்குக் கதை வாசித்துக் காட்டி அந்த இடத்தை நிரப்பினர். மற்றையோரின் பிள்ளைகள் ‘மந்தம்’, ‘மொக்கு’ எனப் பெயர் பெற்றன.

முற்போக்கு இலக்கிய இயக்கத்தையும் இவ்விடயத்தில் விசாரணைக்கு உட்படுத்துதல் தகும். 1960களின் தொடக்கத்தில் நிகழ்ந்த மரபுப் போராட்டத்தில், பேச்சு வழக்கை ‘இழிசனர் வழக்கு’ என ஒதுக்கிய பண்டிதர்களுக்கெதிராக முற்போக்காளர் வாதிட்டு வென்றனர். டானியலும் டொமினிக் ஜீவாவும் ஒடுக்கப்பட்டோரின் நாவில் வழங்கிய தமிழை அச்சில் ஏற்றினர். ஆக்க இலக்கியத்தில் அவ்வழக்கு முடிந்துவிட்டது. இன்று அதனை மறுப்பார் இலர். ஆனால் அவ்வெற்றி சிறுகதையின் எல்லையோடு நின்றது. முதலாம் வகுப்பு அரிச்சுவடி தோற்றுப்போன பண்டிதர்களிடமே விடப்பட்டது. ஒடுக்கப்பட்டவனின் பேச்சைச் சிறுகதையில் கண்டு மகிழ்ந்த வாசகர், அவனது பிள்ளை அதே பேச்சுக்காக வகுப்பிலே தண்டிக்கப்படுவதை இலக்கியப் பிரச்சினையாகக் கருதவில்லை.

இதிலிருந்து பாடநூல்களைப் பேச்சு வழக்கிலேயே எழுதவேண்டும் என்னும் முடிவுக்குச் சிலர் பாய்வர். நாம் அதற்கு உடன்பாடுடையோம் அல்லோம். எவருடைய பேச்சு என்ற வினா உடனே எழும். ஒவ்வொரு பிரதேசத்துக்கும் ஒரு நூல் என்றால், பின்னர் பத்திரிகையையும் சட்டத்தையும் வேலை விண்ணப்பத்தையும் வாசிக்க அப்பிள்ளைக்கு யார் கற்பிப்பது? எழுத்து வழக்கு உடைமை வர்க்கத்தின் தனிச் சொத்தாக இருந்துள்ளது என்பது அதனைக் கைவிடுவதற்கல்ல, கைப்பற்றுவதற்கே காரணமாதல் வேண்டும்.

வழி எதுவெனில், பிரேசில் நாட்டவரான பவுலோ பிரேரேயின் அனுபவம் எமக்குச் சில குறிப்புகளைத் தருகின்றது. 1963இல் அங்கிக்கோஸ் என்னும் ஊரில் ஏறத்தாழ முந்நூறு தொழிலாளருக்கு நாற்பது மணி நேரப் பயிற்சியில் எழுத்தறிவூட்ட அவர் முயன்றார். அவரைப் போற்றும் எமது நண்பர்கள் அவரது அரசியலை எடுத்துரைப்பர். அவரது எழுத்துப் பாடத்தை எடுத்துரைப்பதில்லை. செங்கல் எனப் பொருள்படும் ‘திஜோலோ’ என்னும் சொல்லைக் குழுவினரோடு முதலில் கலந்துரையாடுவார். பின் அதனை அசைகளாகப் பிரித்து, ஒவ்வோர் அசைக்கும் உரிய வரிசையை ஏனைய உயிர்களோடு காட்டுவார். கற்போர் அவ்வரிசைகளிலிருந்து புதுச் சொற்களை ஆக்குவர். போர்த்துக்கேய மொழியில் அவர் தேடி அமைத்த இவ்வசை வரிசை எமது எழுத்திலே இயல்பாகவே உள்ளது. உயிர்மெய் வரிசை என்பது அதுவேயன்றோ? கரையூர்ப் பிள்ளைக்கு ‘வலை’ என்னும் சொல்லிலிருந்து வகர வரிசையும் லகர வரிசையும் விரியும். விலை, வாலை, வேலி, வேலை எல்லாம் அவ்விரு வரிசைகளுக்குள்ளேயே கிடைக்கும். தோட்டத்துப் பிள்ளைக்குக் ‘கொழுந்து’ இருக்கிறது. இருபுறமும் குறி கொண்ட ‘கொ’வோடு தொடங்குவது கடினம் என ஆசிரியர் தயங்கலாம். தாய் நாள்தோறும் கூடையில் நிறைக்கும் பொருளின் பெயர் ஒட்டகத்தைவிடக் கடினமாயிராது என்றே எண்ணுகின்றோம்.

சொற்றேர்வு மாத்திரம் வினைமுற்றின் இடைவெளியை அடைக்காது. பிள்ளை வாசிக்கத் தொடங்குமுன்னும் தொடங்கிய பின்னும், எழுத்து வழக்குக் கதையொன்றை ஆசிரியர் நாள்தோறும் உரக்க வாசித்தல் வேண்டும்; ‘வருகின்றான்’ என்பதும் ‘வாறான்’ என்பதும் ஒன்றே என்று வெளிப்படையாகக் கூறுதலும் வேண்டும். பிள்ளை ‘இலை’ என எழுதியிருப்பதை ‘எலை’ என ஒலித்து இலையைச் சுட்டிக்காட்டுமாயின், அது சரியாக வாசித்துவிட்டது. ஆங்கிலத்தைத் தம் ஊர்ப் பேச்சொலியோடு வாசிக்கும் ஸ்கொத்லாந்துப் பிள்ளையை எவரும் எழுத்தறியாதவர் என்பதில்லை. செவிவழிச் செல்வம் கோயில் மண்டபத்துக்கு மாத்திரம் உரியதுமன்று. மலையகத்தின் காமன் கூத்திலும் பொன்னர் சங்கரிலும் மட்டக்களப்பின் கூத்துகளிலும் பேச்சினின்று வேறுபட்ட, பழைய வடிவங்கள் நிறைந்த தமிழைப் பிள்ளைகள் விடிய விடியக் கேட்கின்றன. அண்ணாவியாரின் கொப்பியில் அச்சொற்கள் எழுத்திலும் உள்ளன. முதலாம் வகுப்பு ஆசிரியர் அக்கொப்பியைக் கேட்டு வாங்கிப் பார்ப்பதற்கு எந்தச் சுற்றுநிருபமும் தடையாக இல்லை.